உவர்மலை வளவில் நின்ற காரும் மூன்று முறை வந்த எலியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டில், 2022 நவம்பர் தொடங்கி ஒரு வருடம் நடந்ததை இங்கே எழுதுகிறேன். நான் வாகன மின்வேலை செய்பவன். வீட்டுக்காரர் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். நேரில் அழைப்பதுபோலவே இங்கும் சேர், ரீச்சர் என்றே சொல்கிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டில். மகள் போகும்போது விட்டுச்சென்ற ஜப்பான் ஹைபிரிட் கார் வீட்டில் நிற்கிறது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால், அதை விற்றால் அதுபோல ஒன்றைத் திரும்ப வாங்க ஏலாது என்று சேர் வைத்திருந்தார். 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிடைத்தது கிழமைக்கு 20 லீற்றர். அதையும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று சேமித்தார்கள். சந்தைக்கும் கோவிலுக்கும் சேர் ஸ்கூட்டரில் போகப் பழகிவிட்டார். கார் போட்டிக்கோவில், தார்ப்பாய் போர்த்தியபடி, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை மட்டும் உயிர்பெற்றது.

அந்த வீட்டு வளவு எப்படி இருந்தது என்பதும் பின்னணியில் சேரவேண்டியதுதான். ஆனால் நான் அதை மூன்றாம் முறைதான் போய்ப் பார்த்தேன். அதனால் அது வரவேண்டிய இடத்தில் வரட்டும்.

நவம்பர் 9: மஞ்சள் லைற்

"தம்பி, எஞ்சின் உதறுது. அந்த மஞ்சள் லைற்றும் அணையுதில்லை." சேர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். மெதுவாகக் கராஜுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்கேனரைக் கொளுவியபோது பி0302 என்று வந்தது, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாக எரியவில்லை. எஞ்சினுக்கு மேலே உள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. அந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் கொயிலுக்குப் போகும் நான்கு வயர்களில் இரண்டு அறுந்திருந்தன. மூன்றாவதின் தோல் உரிந்து செம்பு வெளியே தெரிந்தது.

கத்தி பட்ட வயர் நேராக அறும். இது சோடி சோடியாக, சின்ன உளியால் செதுக்கியதுபோல இருந்தது. செம்பு இன்னும் பளபளவென்று இருந்ததால் கடித்து நாலைந்து நாளுக்கு மேல் ஆகவில்லை என்று கணித்தேன். இந்த ஊர்க் கடல் காற்றில் திறந்துகிடக்கும் செம்பு சீக்கிரம் கறுத்துப் பச்சை பிடிக்கும். மூடியின் உட்புறத்தில் எலிப்புழுக்கை கிடந்தது. அரை அங்குலம் வரும், இரண்டு முனையும் கூர். சுண்டெலியினது அரிசிமணிக்குள் அடங்கும், பெருச்சாளியினது இதைவிடத் தடிப்பு. ஆகவே இது கூரையிலும் மரத்திலும் ஏறித் திரியும் சாதாரண வீட்டெலி.

வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, மேலே நாடா சுற்றிக் கொடுத்தேன். "அடிக்கடி ஓட்டுங்கோ சேர்" என்றேன். எங்கே நிற்பாட்டுகிறீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 28: திரும்பவும்

பத்தொன்பது நாளில் அதே மஞ்சள் லைற். இந்த முறை ஒட்சிசன் சென்சருக்குப் போகும் வயர். பொனட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பிய்க்கப்பட்டிருந்தது. வயர் கடிபட்டால் எலி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சு பிய்க்கப்பட்டால் எங்கோ கூடு கட்டுகிறது என்று அர்த்தம். அன்று அதை நான் சேருக்குச் சொன்னேன், ஆனால் தேடிப்பார்க்கவில்லை. எஞ்சின் அறையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கூடு இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

சேர் சும்மா இருக்கவில்லை. பற்றரிக்குப் பக்கத்திலும் சீற்றுக்கு அடியிலும் நப்தலீன் உருண்டை போட்டிருந்தார். எலி அதில் ஒன்றை ஓரமாக உருட்டிவிட்டு வேலையைப் பார்த்திருந்தது. காற்றோடும் இடத்தில் அந்த வாசம் எலியைத் தடுக்கும் அளவுக்குத் தங்காது. மூடிய காருக்குள்ளோ அதைச் சுவாசிப்பது மனிதருக்குத்தான் கேடு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து ஏறும் கார் அது. எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொன்னேன்.

இந்தக் கார்களின் வயர் தோல் சோயாவில் செய்தது, அதுதான் எலிக்கு ருசி என்று சேர் எங்கோ வாசித்திருந்தார். அமெரிக்காவில் அதைச் சொல்லி வழக்குகளும் போட்டார்கள். ஆனால் நான் தொழில் பழகிய காலத்தில் பழைய டீசல் லொறிகளின் பிவிசி வயரையும் எலி விட்டுவைத்ததில்லை. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. அது எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும். படுக்கிற இடத்தில் வயர் இருந்தால் வயரைக் கடிக்கும்.

அன்று வீட்டுக்குப் போனதும் சேர் கடையில் எலிப்பாணக் கட்டி, அதாவது எலி நஞ்சு, வாங்கிப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தடுத்திருப்பேன்.

டிசம்பர் 11: புயலுக்குப் பின்

டிசம்பர் 8, 9 திகதிகளில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் கடந்துபோனபோது வடக்கிலும் கிழக்கிலும் அடித்த குளிர் காற்று பலருக்கு நினைவிருக்கும். மாடுகள் விறைத்துச் செத்த நாட்கள் அவை. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ரீச்சர்தான் அழைத்தார். "தம்பி, ஏசியைப் போட்டால் பிணநாற்றம். உள்ளுக்கு ஏதோ கடகடவெண்டு அடிக்குது."

என் உதவிப் பொடியனும் நானும் வீட்டுக்கே போனோம். இடப்பக்கம், முன் பெட்டியைக் கழற்றினால் ஏசி ஃபில்டர். அதன் நடுவில் கோழிமுட்டை போகும் அளவுக்கு வட்டமாக ஓட்டை. அதற்குப் பின்னால், காற்றைத் தள்ளும் புளோவர் சக்கரத்தின் இதழ்களுக்கிடையில் தும்பு சிக்கியிருந்தது. கடகட சத்தம் அதுதான். எலியின் கூடு புளோவர் உறைக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே வரும் வாயில் இருந்தது. ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்தபடி காரை நிற்பாட்டியதால் உள்கதவு திறந்தே கிடந்திருக்கிறது. கால்பக்கம் காற்று வரும் குழாய்க்குள் ஒரு எலி செத்துக் கிடந்தது. பாணத்தைத் தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்து வேலைசெய்ய நாலைந்து நாளாகும், அதற்குள் எலி தன் படுக்கைக்கே திரும்பிவிடும். இந்த எலியின் படுக்கை காரின் நெஞ்சுக்குள் இருந்தது.

என் பொடியன் கூட்டை வெறுங்கையால் அள்ளி எடுத்தான். அவன் சுண்டுவிரலில் முதல்நாள் வயர் கிழித்த காயம் இருந்தது. நான் கவனிப்பதற்குள் கை உள்ளே போய்விட்டது. கூடு எலியின் மூத்திரத்தில் ஈரமாக இருந்தது. எலிக்காய்ச்சல் கிருமி அப்படித்தான் காயம் வழியாக உள்ளே போகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்து, அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நடந்ததை டொக்டரிடம் விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு ஏதும் வருகிறதா என்று ஒரு மாதம் தினமும் அவனைக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவன் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பிருக்கவில்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

கூடு காட்டிக்கொடுத்தது

கையுறையும் முகக்கவசமும் போட்டு, குளோரின் கலந்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பிறகு கூட்டை ஒரு பழைய தாச்சியில் பிரித்துப் பார்த்தோம். பொனட் பஞ்சு. தென்னந்தும்பு. நீல நிறப் பிளாஸ்ரிக் சாக்கின் நார். நெல் உமி. கோழித்தீனில் வரும் சோளக் குறுணி. நடுவில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணி, விரல் அகலத்தில் கிழித்தது.

ரீச்சர் அந்தத் துணியைக் கண்டதும் குனிந்து பார்த்தார். "இது சாமியறையில விளக்குத் துடைக்கிற துணியெல்லோ" என்றார்.

அதுவரை கார் வெளியே நிற்கிறது, எலி வெளியேயிருந்து வருகிறது என்றுதான் மூவரும் நினைத்திருந்தோம். அந்தத் துண்டு, எலி வீட்டுக்குள்ளும் போய்வருகிறது என்று சொன்னது. கூட்டில் இருந்த ஒவ்வொன்றும் வளவின் ஓரிடத்தைக் காட்டியது. நாங்கள் அந்த வரிசையிலேயே நடந்து பார்த்தோம்.

வளவில் இருந்தவை

தும்பு வந்த இடம் போட்டிக்கோ மதிலை ஒட்டி, இடுப்பளவுக்கு அடுக்கியிருந்த பொச்சுமட்டை. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் விறகடுப்புக்காகச் சேர்த்தது. எரிவாயு வந்தபிறகும் எடுக்கவில்லை. காரின் முன் ரயருக்கும் அந்த அடுக்குக்கும் ஆறடி தூரம்.

உமி வந்தது பின் விறாந்தையில் இருந்த மூன்று நெல் மூட்டைகளிலிருந்து. தம்பலகாமத்தில் உள்ள உறவினர் சிறுபோக நெல்லில் கொடுத்தது. அரிசி விலை ஏறிய பயத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு மூட்டையின் அடிமூலையில் ஓட்டை. நீல நார் அதிலிருந்துதான்.

சோளக் குறுணி கோழிக்கூட்டிலிருந்து. அதுவும் அந்த வருடம் முட்டைக்காகக் கட்டிய கூடு. தீன் சாக்கு வாய் கட்டாமல் ஒரு கல்லின் மேல் இருந்தது. இரவில் வேறு, அந்த நாட்களில் தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு, வளவு முழுக்க இருள்.

இதையெல்லாம் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. பெற்றோல் இல்லாததால் கார் நின்றது. எரிவாயு இல்லாததால் பொச்சுமட்டை வந்தது. சாப்பாட்டுப் பயத்தால் நெல்லும் கோழியும் வந்தன. ஒரு குடும்பம் அந்த வருடத்தைத் தாண்டச் செய்த ஒவ்வொரு புத்தியான காரியமும் எலிக்கு ஒரு வசதியாகிவிட்டது. அவர்கள் அசுத்தமாக இருந்ததால் எலி வரவில்லை. ரீச்சர் வெட்கப்பட்டு முற்றத்தைக் கூட்டத் தொடங்கியபோது இதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், பாணக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்தோம். குழாய்க்குள் இன்னொரு எலி செத்தால் டாஷ்போட் முழுவதையும் இறக்கவேண்டி வரும். அதோடு வீட்டில் குட்டி போட்ட பூனை இருந்தது, பக்கத்துப் பனையில் கூகை இருந்தது. பாணம் தின்ற எலியைத் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. கூகையைவிட நல்ல எலிபிடிகாரன் இந்த ஊரில் இல்லை.

மகன் வெளிநாட்டிலிருந்து, மனிதர் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கும் மீயொலிக் கருவி ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். அந்த ஒலி ஒரு சாக்கைக்கூடத் தாண்டாது, எலி சில நாளில் பழகிவிடும். 2001இல் அமெரிக்க வர்த்தக ஆணையமே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யவேண்டாம் என்று எச்சரித்து எழுதியது. மிளகாய்க் காரம் ஏற்றிய நாடா ஒன்றை ஹொண்டா விற்கிறது. அது பயன்படலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இங்கே கையில் கிடைக்கவில்லை.

சரி, செய்தது என்ன? பொச்சுமட்டையை அந்த ஞாயிறே வளவின் கடைசிக்கு, மதிலிலிருந்து விலக்கி, கல்லின் மேல் தூக்கி அடுக்கினோம். அடுக்கின் அடியில் இன்னொரு பழைய கூடு இருந்தது. நெல்லும் கோழித்தீனும் மூடியுள்ள தகரப் பீப்பாவுக்குப் போயின. தார்ப்பாயைக் கழற்றிவிட்டோம். தூசிக்காகப் போர்த்தியது எலிக்குக் கூரையாகியிருந்தது. இரவில் பொனட்டைத் திறந்து தூக்கிவைக்கச் சொன்னேன், ஏனென்றால் எலிக்கு வேண்டியது இருட்டும் மறைவும். காரை நிற்பாட்டும்போது ஏசியை உட்காற்று நிலைக்கு மாற்றிவிட்டு நிற்பாட்டவேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினேன். வெளிக்காற்று வாய்க்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை வெட்டிப் போட்டேன். பெருவிரல் போகும் ஓட்டையால் எலி போகும், பென்சில் போகும் ஓட்டையால் சுண்டெலி போகும்.

பொறிகள் ஆறு. எலி புதுப் பொருளைக் கண்டு ஒதுங்கும். அதனால் முதல் நாலு இரவு, சுட்ட தேங்காய்ச் சொட்டை வைத்து, பொறியைப் பூட்டாமல் விட்டோம். தின்று பழகட்டும் என்றுதான். எலி சுவரை உரசியபடியே ஓடும். ஆகவே பொறிகளை மதிலுக்குக் குறுக்காக, இரை உள்ள முனை மதிலில் முட்டும்படி வைத்தோம். பூனையும் கோழியும் மாட்டாதபடி மேலே பலகைப் பெட்டி.

இதில் மிகவும் உதவியது அடுப்புச் சாம்பல். ரீச்சர் அதை அரித்து, காருக்கு அடியிலும் நான்கு ரயர்களைச் சுற்றியும் மாலையில் மெல்லியதாகத் தூவினார். மா தூவினால் எலிக்கு அதுவே சாப்பாடு. காலையில் பார்த்தால் பாதச் சுவடும் நடுவில் வாலிழுத்த கோடும் பதிந்திருந்தன. மதிலோரமாக வந்து, இடது முன் ரயரில் ஏறி, மற்ற மூன்றையும் தொடாமல் போயிருந்தது. வலது பக்கம் வைத்திருந்த இரண்டு பொறிகளை அன்றே இடது பக்கத்துக்கு மாற்றினோம்.

வயறிங்கை முழுவதும் சோதித்தேன். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் 100 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகும். அவற்றில் பல்லின் கீறல்கூட இல்லை. இருந்திருந்தால் நாடா சுற்றி அனுப்பும் வேலை அல்ல அது, காரை அப்படியே நிற்பாட்டி அதற்கென்று பயிற்சி உள்ளவரிடம் கொடுத்திருப்பேன். காப்புறுதியையும் விசாரித்தோம். எலி, கரையான் சேதம் அவர்களுடைய பத்திரத்தில் விலக்கப்பட்டிருந்தது. செலவு முழுவதும் சேரின் ஓய்வூதியத்தில்தான்.

பிறகு நடந்தது

ஐந்தாம் இரவு பொறியைப் பூட்டியதும் மூன்று எலி. அடுத்த பத்து இரவில் ஆறு. கடைசி இரண்டும் கோழிக்கூட்டுப் பக்கம் விழுந்தன, காருக்குக் கிட்ட அல்ல.

திருவெம்பாவை தொடங்கியதும் சேரும் ரீச்சரும் அதிகாலையில் காரிலேயே கோணேசர் கோவிலுக்குப் போனார்கள். பெற்றோல் கணக்கைப் பார்த்துத் தயங்கிய சேரை ரீச்சர்தான் சம்மதிக்க வைத்தார். பத்து நாள் தொடர்ந்து ஓடியது நல்லதாயிற்று. சாம்பலில் அந்தப் பத்து நாளும் சுவடில்லை.

ஜனவரி கடைசி மழையில் ஒரு பின்னடைவு. இடப்பக்கக் கால்விரிப்பு நனைந்திருந்தது. வேலை என்னுடையது, பிழையும் என்னுடையது. வெளிக்காற்று வாய்க்கு உள்ளே நான் போட்ட வலையில் வேப்பஞ்சருகு சேர்ந்து, தண்ணீர் வடியாமல் தேங்கி உள்ளே இறங்கிவிட்டது. வலையை உள்ளிருந்து எடுத்து, வெளியே பிளாஸ்ரிக் கிராதிக்கு மேலாக, கையால் சருகு அள்ளக்கூடிய இடத்தில் பொருத்தினேன். முதலில் போட்டது சாதாரண நாகமுலாம் வலை, ஆறு கிழமைக்குள் உப்புக்காற்றில் விளிம்பு துருப்பிடித்திருந்தது. மாற்றிப் போட்டது துருப்பிடிக்காத உருக்கு.

மார்ச்சில் பெரும்போக நெல் வந்தது. நேரே பீப்பாவுக்குப் போனது. ஜூனில் இரண்டு நாள் பக்கத்து வெற்றுக் காணிப் பக்கமாகச் சுவடு தெரிந்தது. பொறி திரும்பப் போட்டு ஒரு எலி பிடித்தார்கள். எனக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நவம்பர் 9 அன்றே வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். வயரை ஒட்டுவதற்கு எடுத்த நேரத்தில் பாதி போதும், வளவைச் சுற்றி நடக்க. இப்போது எலி கடித்த வாகனம் எது வந்தாலும், நிற்பாட்டும் இடத்தை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அனுப்பிய பிறகுதான் மூடியைக் கழற்றுகிறேன். அப்புறம், எஞ்சின் அறையில் கூடு இல்லை என்றால் ஏசி ஃபில்டரையும் பார்க்காமல் காரை விடுவதில்லை. நவம்பர் 28 அன்று அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் எலி குழாய்க்குள் செத்திருக்காது, பொடியனின் கை கூட்டுக்குள் போயிருக்காது.

கராஜில் கையுறைப் பெட்டியும் குளோரின் போத்தலும் ஸ்கேனருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பொடியன் இப்போது யாருடைய காரில் புழுக்கையைக் கண்டாலும் என்னைக் கேட்காமலே கையுறையை எடுக்கிறான்.

2023 நவம்பரில், மழை தொடங்குவதற்கு முன், சேர் காரைக் கொண்டுவந்தார். பொனட்டுக்குப் போட்ட புதுப் பஞ்சு விரிப்பு பிய்யாமல் இருந்தது. ஃபில்டரில் தூசி மட்டும். வலையில் இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகு இருந்தது, அள்ளிக் கொட்டினேன். ஸ்டியரிங்கில் ஒட்டிய சீட்டு வெயிலில் வெளிறியிருந்தது. ரீச்சர் தன் கையெழுத்தில் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார், அதை ஒட்டி அனுப்பினேன்.